நீ சொன்ன அந்த 'இஸ்'

மச்சான்,

என் கொட்டிலில் மூடிக் கிடந்த தோணி எஞ்சினின் சாக்கை இன்று காலையில் உன் மகள் வதனி விலக்கினாள். பழைய எண்ணெயும் பெற்றோலும் வாவித் தண்ணீரின் உப்பும் கலந்த அந்த மணம் வாசல்வரைக்கும் வந்தது. நீ பக்கத்தில் வந்து குந்தியது போல இருந்தது. உடனே எனக்குக் கோபமும் வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது. உன்னிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி மட்டும் இன்னும் மிச்சம் கிடக்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல வதனிதான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிறவள், போதாததற்கு உன் மகள். நான் சொல்வதைத்தான் எழுதுகிறாளா என்று ஒவ்வொரு பந்தியையும் திருப்பி வாசிக்க வைக்கிறேன்.

"மாமா, உங்களுக்கு என்னிலயும் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறாள்.

"உன்ர அப்பனிலயே இருக்கல்ல மகளே" என்றேன். அதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறாள்.

தோணி உன்னுடையது, எஞ்சின் என்னுடையது. வாவியையும் பறவைகளையும் பார்க்க வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய காலத்தில் இரண்டையும் ஒன்றாகப் பூட்டினோம். விடுதியில் சாப்பாடு பரிமாறிப் பிடித்த இங்கிலீசு உன்னிடம் இருந்தது. நீ முன்னால் அவர்களைப் பார்த்தபடி இருப்பாய், நான் பின்பலகையில் எஞ்சினோடு இருப்பேன். தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கும் கண்டல் மரங்களுக்குள் நுழையும்போது எஞ்சினை நிறுத்துவேன். அப்போதுதான் நீ கதைப்பது காதில் விழும். ஆனால் விளங்காது. விளங்காத பேச்சு நடக்கிற இடத்தில் சும்மா இருக்க எனக்கு ஏலாது. நீ சொல்லி அவர்கள் சிரித்தால், என்னைத்தான் சொல்லியிருப்பாய் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால், எதையோ மறைக்கிறாய் என்று நினைப்பேன்.

ஒரு நாள் வெள்ளைக்காரி ஒருத்தி கொக்குக் கூட்டத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். நீ "பேர்ட்ஸ் ஆர்" என்று தொடங்கினாய். நம் பேச்சில் 'ஆர்' என்றால் 'யார்' என்பதுதானே. நான் பின்னாலிருந்து கத்தினேன்.

"ஆரென்டு என்னத்தக் கேக்கிறாய்? கொக்குடா அது!"

தோணி ஆட ஆட நீ சிரித்தாய். "மச்சான், இது நம்மட 'ஆர்' இல்ல, இங்கிலீசு 'ஆர்'. ஒண்டு கிடந்தா 'இஸ்'. கனக்கக் கிடந்தா 'ஆர்'. இவ்வளவுதான்."

இவ்வளவுதான் என்று நீ சொன்னதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உன் இங்கிலீசில் எனக்கு விளங்கிய ஒரே சங்கதி அதுதான். அதை வைத்துக்கொண்டு உன் வாயைக் காவல் காத்தேன்.

அதற்குப் பிறகு நீ தப்பவில்லை. பாலத்தடியில் ஒரேயொரு பொலிஸ்காரன் நின்றான். நீ வெள்ளைக்காரனிடம் "பொலிஸ் ஆர்" என்றாய்.

"ஒருத்தன்தானே நிக்கிறான்?"

"பொலிஸ் என்டா எப்பவும் ஆர்தான் மச்சான்."

"நேத்து ரேடியோவில வந்த புதினம் முழுக்கச் சொன்னாய். அதுக்கு நியூஸ் இஸ் என்டாயே?"

"எவ்வளவு வந்தாலும் நியூஸ் இஸ்தான்."

எவ்ரிபடி என்றால் எல்லாரும் என்று நீயே சொல்லித் தந்தாய், அதற்கும் இஸ் போட்டாய். வெள்ளைக்காரன் ஒருவனின் காற்சட்டை நனைந்தபோது அந்த ஒரு காற்சட்டைக்கு ஆர் போட்டாய். கேட்டால், "ரெண்டு கால் இருக்கல்லோ" என்றாய்.

"சட்டைக்கும் ரெண்டு கை இருக்கு. அதுக்கு ஏன் இஸ்?"

நீ "எஞ்சினப் பாரு" என்றாய்.

தெரியாமல் சமாளிக்கிறாயா, தெரிந்தே என்னை ஏய்க்கிறாயா என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றைப் பலவாகவும் பலதை ஒன்றாகவும் ஆக்குகிற பாஷையில் தொழில் பேசுகிறவனை எப்படி நம்புவது?

பிறகுதான் அந்த ஹோட்டல் விஷயம் வந்தது. வாவிக்கரையில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அங்கே தங்குகிறவர்களை எப்போதும் ஏற்றிக்கொண்டு போக ஒரு தோணி வேண்டுமாம். மனேஜர் கொழும்பு ஆள், நம் பாஷை தெரியாது. இறங்குதுறையில் நின்று உன்னோடு இங்கிலீசில் கதைத்தார். நான் உன் பக்கத்தில் நின்றேன். அவர் ஏதோ கேட்க, நீ சொன்னாய்: "அவர் டீம் இஸ் ரெடி, சேர்."

அவர் என்றதுமே எனக்குத் திக்கென்றது, எவரைக் காட்டுகிறாய் என்று. 'எங்கட' என்பதற்கு இங்கிலீசில் அப்படித்தான் சொல்வது என்று நீ முந்தியே சொல்லியிருந்தாய். அதனால் அதை விட்டுவிட்டேன். ஆனால் டீம் என்றால் எனக்குத் தெரியும். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் நாள் முழுக்க அதைத்தானே கத்துகிறார்கள். பல பேர் சேர்ந்தது டீம். நாங்கள் இரண்டு பேர். ஆர் வர வேண்டிய இடத்தில் இஸ் வந்தது. ஆக, மனேஜரிடம் நீ ஒருத்தன்தான் என்று சொல்லிவிட்டாய். தோணி உன்னுடையது, இங்கிலீசும் உன்னுடையது. எஞ்சினை எவனிடமும் வாங்கலாம். வேலை நிரந்தரமானதும் பங்காளி கூலியாகிவிடுவான். மனேஜர் உனக்குக் கை கொடுத்தார். எனக்குத் தலையாட்டினார். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்று பின்னேரமே எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் நீ வந்தாய். வேலிப் படலையைத் தாண்டவில்லை.

"என்ன மச்சான், எஞ்சினுக்குச் சுகமில்லையா?"

"எஞ்சின் நல்லாத்தான் கிடக்கு. டீமுக்குத்தான் சுகமில்ல. நாம ரெண்டு பேரெல்லோ? ஏன் இஸ் என்டாய்?"

"டீம் என்டா ஒண்டு."

"ஒரு பொலிஸ்காரன் நிண்டா ஆர். நாம ரெண்டு பேர் நிண்டா இஸ். ஆருக்குடா பறையிறாய் இந்தக் கதைய?"

நீ படலையை இழுத்துச் சாத்தினாய். "விசரன்" என்றாய். "நீ நம்பாட்டி நான் என்ன செய்ய? துடுப்புப் போட்டுக்கொண்டு போறன்."

சொன்னபடி போனாய். வேறு ஆளின் எஞ்சினைப் பூட்டுவாய் என்று எனக்கு நிச்சயம். கையும் களவுமாகப் பிடிக்கக் கண்டல் மறைவில் நின்று பார்த்தேன். ஹோட்டல் ஆட்களை ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் துடுப்புப் போட்டாய். சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. என் பின்பலகையில் நீ ஒருவரையும் இருத்தவில்லை. எவனும் எஞ்சின் தரவில்லையோ என்று ஊருக்குள் விசாரித்தேன். தர ஆட்கள் இருந்தார்களாம், நீதான் வேண்டாம் என்றாயாம். நல்ல பெயர் எடுக்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். ஆனாலும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தேன். நீ தோணியைக் கரைக்கு இழுத்தாய். பூட்டும்போது மறுபக்கத்தைப் பிடித்தாய்.

"நேராப் பிடி" என்றேன்.

"ஓம் சேர்" என்றாய்.

பிறகு கன வருஷம் அந்த வேலையைச் செய்தோம். பங்கில் நீ ஒருநாளும் குறை வைக்கவில்லை. ஆனால் பங்கு வேறு, அந்தச் சொல் வேறு. நானும் அதை மறக்கவில்லை, நீயும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லாமலே போயும் விட்டாய்.

வதனி இன்று வந்தது எஞ்சினைக் கேட்டுத்தான். உன் மருமகன் உன் தோணியைத் திருத்தி மறுபடி வாவியில் இறக்கப் போகிறாராம். நான் உடனே கொடுப்பேனா?

"உன்ர அப்பன் ஏன் டீம் இஸ் என்டவன்? முதல் அதச் சொல்லு" என்றேன்.

"மாமா, டீம், ஃபமிலி மாதிரிச் சொல்லுகளுக்கு ரெண்டும் வரும். எல்லாரும் ஓராள் மாதிரிச் சேர்ந்து நிண்டா இஸ். அவனவன் வேற வேற என்டு பாத்தா ஆர். ரெண்டும் சரிதான். சொல்லுற ஆள் எப்பிடிப் பாக்கிறாரோ அப்பிடி."

இன்னொருமுறை சொல்ல வைத்துக் கேட்டேன். பிறகு சந்தேகம் வந்தது. எஞ்சின் கேட்டு வந்தவள் இவ்வளவு இனிப்பான கதையை ஏன் கையோடு கொண்டுவருகிறாள்?

"இது அப்பனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும் மாமா."

"தெரிஞ்சிருக்கும் என்டா தெரியும் என்டு இல்ல."

"நீங்க பொலிசுல சேந்திருக்கலாம்."

"சேந்திருந்தா நான் ஒருத்தனே 'ஆர்' ஆகியிருப்பன்."

அவள் சிரித்த சிரிப்பு உன்னுடையது. எஞ்சினைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பூட்டும்போது நானும் நிற்பேன். மருமகனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவளுக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்போது அவள் கையாலேயே எழுத வைக்கிறேன். அன்று இறங்குதுறையில் மனேஜர் கேட்டதும் நீ ஒரே மூச்சில் பதில் சொல்லவில்லை. "அவர் டீம்" என்று தொடங்கி நிறுத்தினாய். வெள்ளைக்காரரிடம் இங்கிலீசைக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற உனக்கு அந்த இடத்தில் வாய் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாய். என் கையெல்லாம் எண்ணெய், நான் அதை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் இஸ் என்றாய். என் சந்தேகம் முளைத்தது அந்த நிறுத்தத்தில்தான் மச்சான். உள்ளதைச் சொல்கிறவன் ஏன் யோசிக்கிறான், இவன் சொல்லைத் தேடி எடுக்கிறான் என்று நினைத்தேன்.

இத்தனை வருஷமும் அதைத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன். இனியும் சுமப்பேன், இறக்கி வைக்க மனமில்லை. வாயில் வந்ததை நீ சொல்லவில்லை. இரண்டு சொல்லும் உன்னிடம் இருந்தன. என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தாய். அன்றைக்கு நான் உன்னைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறேன்.