வயிற்றில் தங்கிய பீட்சா

ஆனி 4, புதன்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட மிளகாய் பாதி பக்கத்து வீட்டு மாடியில். போய் அள்ளி வந்தேன். ஒரு கை குறைகிறது. தெரியும் எனக்கு.

பேத்தி கவிதா மசக்கையோடு வந்து பன்னிரண்டு நாள். கஞ்சி, ரசம் சாதம், இட்லி, மாதுளை. எதுவும் தங்கவில்லை. நேற்று மட்டும் என்னவோ தின்றாள், வாந்தி இல்லை. என்னவென்று மருமகள் மல்லிகாவைக் கேட்டேன். "பீட்சாங்க அத்தை. கடையில வாங்கினது" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. அடுப்பைப் பார்த்துப் பேசினால் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம். குப்பைக் கூடையைக் கிளறினேன். அட்டைப் பெட்டி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். புத்தூர்க் கடை. மேலே பெரிதாக என் ஓர்ப்படி, அதுதான் கொழுந்தன் பெண்டாட்டி, பெயர். அவள் மகன் செந்தில் கடை போட்டு அம்மா பெயரை வைத்திருக்கிறான். அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ச. என்று போடுகிறேன்.

பத்தொன்பது வருஷம். என் மகள் செல்வி கல்யாணம், முதல் பந்தி, வடக்கு வரிசை, நாலாவது இலை. என் தம்பி பெண்டாட்டிக்கு முதலில் பாயசம் ஊற்றிவிட்டார்களாம். ச. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். இலையைக்கூட மூடவில்லை. உடுத்தியிருந்தது என்னிடம் இரவல் வாங்கிய அரக்குப் பட்டு, இன்றுவரை திரும்பி வரவில்லை. இனி இந்த வீட்டு ஆள் யாரும் அவள் சோற்றில் கை நனைக்கக் கூடாது என்று அன்றைக்கே சொன்னவள் நான்.

ஊரில் வேறு பீட்சாக் கடையே இல்லையா?

ஆனி 5, வியாழன்

கம்பெனிக் கடைப் பீட்சா. இந்தியா முழுக்க இருக்கிற கடையாம். பெட்டியைத் திறந்ததும் பேத்தி க. மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓட்டம். வாங்கியது வீணாக வேண்டாம் என்று நான் ஒரு துண்டு.

– அடிப்பாகம் இனிப்பு. பேக்கரி பன் மாதிரி.
– சீஸ், இழுத்தால் வாசல் வரை வருகிறது.
– மேலே தூவக் காகிதப் பொட்டலத்தில் காய்ந்த தழை. ஆட்டுக்குப் போடலாம்.
– உப்பு சரி. பொய் எழுத மாட்டேன்.

குழாயில் தண்ணீர் பத்து நிமிஷம்தான்.

ஆனி 6, வெள்ளி

இன்னொரு கம்பெனி. இந்தத் தடவை ஃபோனில் நானே பேசினேன். சீஸைக் குறைத்து எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னேன்.

"அந்த ஆப்ஷன் இல்லைங்க மேடம்."

"எங்க வீட்டுப் பொண்ணு வாயும் வயிறுமா இருக்குதும்மா."

"கங்கிராஜுலேஷன்ஸ் மேடம். கூட ஒரு கூல்டிரிங்க்ஸ் சேர்க்கட்டுங்களா?"

வைத்துவிட்டேன். யார் தின்னப் போகிறார்கள் என்று கேட்கத் தெரியாதவர்களுக்கு ஊருக்கு ஊர் கடை.

தோசைக்கல்லில் நானே செய்து பார்த்தேன். க. எட்டிப் பார்த்து, "அப்பாயி, இது ஊத்தப்பம்." அதுவும் தங்கவில்லை.

ஆனி 7, சனி

டாக்டர். இரண்டு கிலோ குறைந்திருக்கிறாள். செவ்வாய்க்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ். ஆட்டோவில் க. அழுகை. "உன் சண்டைக்கு என் வயிறுதான் கெடைச்சுதா அப்பாயி?"

மல்லிகா என் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் எனக்கு இன்னும் கோபம்.

கண் உள்ளே போயிருக்கிறது பிள்ளைக்கு.

ஆனி 8, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் பஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, புத்தூர். எட்டடிக் கடை. உள்ளே வெக்கை. செந்தில் பார்த்ததும், "பெரியம்மா! வாங்க வாங்க!" அப்பன் மூக்கு அப்படியே. மூலையில் ச., முக்காலியில் உட்கார்ந்து குடைமிளகாய் நறுக்கிக்கொண்டு. தலை முழுக்க வெள்ளை. எனக்குக் கூட அவ்வளவு இல்லை.

"யாரு, அக்காவா? வழி ஞாபகம் இருந்துச்சா?"

"எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு."

"தெரியுமே. நீங்க மறந்தா காவேரி மேக்க ஓடும்."

"ஒரு பார்சல் குடு. சாப்பிட வரலை நான்."

"உக்காருங்க. ஒரு துண்டு."

"உன் இடத்துல கை நனைக்க மாட்டேன்."

"இதுக்குத் தண்ணியே வேணாங்கா. பேப்பர்ல தொடைச்சுட்டுப் போலாம்."

செந்தில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

யாருக்கு என்று நான் சொல்லவே இல்லை. ச. எழுந்து மாவுக் கிண்ணத்தை எடுத்தாள். செந்தில் கிட்டே வந்ததற்கு, "நீ தள்ளுடா, இது கவிதாவுக்கு." பூண்டு இல்லை. சீஸ் கொஞ்சம். நாட்டுத் தக்காளி, இஞ்சி, கறிவேப்பிலை. அடுப்பிலிருந்து எடுத்த பிறகு எலுமிச்சம்பழம். ஓரம் கருகல், அதை நான் சொல்லாமல் விடவில்லை. மல்லிகா முதல் நாளே எல்லாம் சொல்லியிருக்கிறாள்! என் வீட்டுச் சேதி புத்தூருக்கு எனக்கு முன்னால் போகிறது. இருக்கட்டும், அவளைத் தனியாகக் கவனிக்கிறேன்.

"அவ மசக்கை உனக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "செல்வி உங்க வயித்துல இருந்தப்ப நாலு மாசம் பச்சத்தண்ணி தங்கலை உங்களுக்கு. புளிச்ச மாங்காதான் வேணும்னீங்க. சீசனே இல்லை. காட்டூர் வரைக்கும் அலைஞ்சது யாரு?"

வெயிலில் கால் கொப்பளித்து வந்து நின்றாள், மடியில் ஐந்து காய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எத்தனையோ எழுதினேன், அதை மட்டும் எங்கேயும் எழுதியதில்லை.

ஒரு துண்டு தின்றேன். நின்றுகொண்டு.

ஆனி 9, திங்கள்

நேற்று க. மூன்று துண்டு. வாந்தி இல்லை. ஆறிப்போனதையும் காலையில் தின்றாள், தங்கியது. கம்பெனிப் பீட்சா மறுநாள் பலகையாகக் கிடந்தது.

ச. ஃபோன். "நான் கொண்டாந்து குடுக்கட்டுமாக்கா?"

"வேணாம். நான் வரேன்."

அவள் என் படி ஏறுவதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. பட்டுப்புடவை பற்றி நேரில் கேட்டுக்கொள்கிறேன். நாலு மணி பஸ். தூக்குவாளி வேண்டாம், சூடு அடைந்து நமுத்துப்போகும். துணி சுற்றிய கூடை.

உள்ளேயிருந்து க. குரல். "அப்பாயி, பசிக்குது." வந்த நாளிலிருந்து இந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்கவில்லை. மணி மூன்றுதான். கிளம்பிவிட்டேன்.