நட்சத்திரம் விழுங்கிய படங்கள்

நாரின்,
செப்டம்பர் 2

பெகிமாயின் அப்பாவுக்கு,

நானும் அத்தையும் குழந்தையும் நலம். எகாதெரின்பர்க்கில் அதற்குள் குளிராமே. கம்பளிக் காலுறைகளைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல் காலில் போடுங்கள். பக்கத்து வீட்டு தோல்குன் அங்கே வருகிறார். அவரிடம் உலர்ந்த தயிர் உருண்டைகளும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமாவின் வருட நினைவு விருந்தில் அறுக்கக் குதிரை வாங்கியாகிவிட்டது. ஆல்பங்களைக் கேமராவில் படமெடுத்து நீங்கள் கணினியில் போட்டுவைத்துப்போன 386 படங்களையும் மண்டபத் திரையில் ஓட்டத்தான் ஏற்பாடு. ஒவ்வொன்றின் கீழும் கோப்புப் பெயராக மாமாவின் பெயரும் எண்ணும் தெரிந்ததும் அத்தைக்குக் கோபம். "என்ன இது, மாட்டுக் காதுல வில்லை குத்தின மாதிரி! பிள்ளைங்க சொல்ற மாதிரி எங்க அப்பான்னு மாத்துடி" என்றார். அதற்குத்தான் உங்களிடம் வழி கேட்டேன். நீங்களும் எல்லாப் பெயர்களையும் ஒரேயடியாக மாற்ற ஒரே வரிக் கட்டளை அனுப்பினீர்கள்.

கணினியில் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து அதைத் தட்டச்சு செய்தேன். மாமாவின் பெயர் வரும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எப்படி எழுதுவேன்? எதுவாக இருந்தாலும் சரி என்று பொருள்படும் நட்சத்திரக் குறி ஒன்று உண்டென்று முன்பு சொல்லித் தந்தீர்களே, பெயருக்குப் பதில் அதைப் போட்டேன். அது எண்களையும் சேர்த்து விழுங்கும் என்று யார் கண்டது? அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருப்பதாகக் கணினி முரண்டு பிடித்தது. கட்டாயப்படுத்தும் எழுத்தைச் சேர்த்து அதட்டினேன், பணிந்துவிட்டது. முதலில் ஒத்திகை பார் என்றும் சொல்லியிருந்தீர்கள். நான் பார்க்கவில்லை.

எல்லாப் படங்களும் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசிப் படம் மட்டும் மிஞ்சியது. ஆல்பங்களும் வசந்தத்தில் கூரை ஒழுகியதில் போய்விட்டன. அழுதுகொண்டே அத்தையிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "நாப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தின நானே அந்தப் பேரச் சொன்னதில்ல, நீ எப்படிடி எழுதுவ? எழுதச் சொன்னான் பாரு, அவனச் சொல்லணும்" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

மிஞ்சிய படத்தைக் காட்டச் சொன்னார். மாமா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம். ஆல்பத்தைப் பிடித்திருந்த உங்கள் கட்டைவிரலும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. அத்தை மாமாவைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு அந்த விரலைத் தொட்டு, "இது எம் பிள்ளை விரல்தானே?" என்று கேட்டார். அதன்பின் கணினியை மூட விடவில்லை.

மூலப் படங்கள் உங்கள் கேமரா அட்டையில் இருக்கும் என்று தெரியும். விடுப்பு கிடைக்காது என்றீர்கள். இணையத்திலேயே அனுப்பிவிடுகிறேன் என்றும் சொல்வீர்கள். இங்கே இணையம் நன்றாகத்தான் வருகிறது. ஆனாலும் அனுப்பாதீர்கள். பதினான்காம் தேதி விருந்துக்குள் அந்த அட்டையை உங்கள் கையாலேயே கொண்டுவந்து கொடுங்கள்.

வழியெல்லாம் கடவுள் துணையிருக்கட்டும்.

உங்கள்,
மீரிம்