மங்காத நிறம்

பிரிக்பீல்ட்ஸ்
3 மார்ச் 2025

அன்புள்ள தாமரைக்கு,

நலம்தானே? என் நம்பரை நீ ப்ளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். போன வருடம் என் வண்டுப் புத்தகம் வெளிவந்ததிலிருந்து பேச மாட்டேன் என்கிறாய். அதில் உன் பெயர் விடுபட்டது பதிப்பகத்தார் அவசரத்தில் செய்தது லா. கிள்ளான் ஆற்றோரம் எட்டு வருடம் வண்டு தேடி நாம் சேர்ந்து அலைந்ததை நான் மறப்பேனா?

இங்கே வண்டுக் கண்காட்சி வைக்கிறேன். பச்சைப் பொன்வண்டுகள் நிறைய இருக்கின்றன. நடுப் பெட்டிக்கு உன் வீட்டுக் கங்கோங் கீரையில் மேயுமே, அந்தத் தங்க ஆமை வண்டுகள் வேண்டும். ஒரு டஜன் போதும். உயிரோடு கொடு, ஊசி குத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன். மறுக்காதே டி.

பிரியமுடன்,
புஷ்பவல்லி

கிள்ளான்
9 மார்ச் 2025

அன்புள்ள புஷ்பா,

நலம். அம்மாவுக்குத்தான் முட்டிவலி. உன் டிரைவர் தம்புசாமி அண்ணனிடம் ஐஸ்கிரீம் டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன். ஒவ்வொன்றும் உருக்கிய தங்கச் சொட்டு மாதிரி இருக்கும்.

உன் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். “வண்டுகளின் மினுமினுப்பு சாயமல்ல, ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே செத்தாலும் மங்காது” என்று எழுதியிருக்கிறாய். அழகான வரி. அதைச் சுவரில் பெரிதாக எழுதி, இவற்றை அதன் கீழேயே வை.

அன்புடன்,
தாமரை

பிரிக்பீல்ட்ஸ்
24 மார்ச் 2025

தாமரை,

உனக்குத் தெரிந்திருக்கிறது. குத்தி வைத்த கையோடு பெட்டிக்குப் பட்டுத் திரை போட்டுவிட்டேன். திறப்பு விழாவில் திரையை இழுத்தால், அத்தனையும் காய்ந்த தேயிலைத் தூள் நிறம். மேலே சுவரில் என் வரி. “என்னா மேடம், கரப்பான் குஞ்சா?” என்று ஓர் ஆன்டி கேட்டார். மண்டபமே சிரித்தது. புத்தகத்தில் தப்பு என்று பதிப்பகம் அதைக் கடைகளிலிருந்து எடுக்கிறது.

மைக்கைப் பிடித்து, “இதக் குடுத்தது கிள்ளான் தாமரை! எட்டு வருஷமா வண்டு புடிச்சதும் அவதான், குறிப்பெல்லாம் எழுதிக் குடுத்ததும் அவதான். அவளப் போயி கேளுங்க!” என்று கத்திவிட்டேன். ஏன்டி இப்படிச் செய்தாய்?

புஷ்பவல்லி

கிள்ளான்
30 மார்ச் 2025

அன்புள்ள புஷ்பா,

பொன்வண்டுக்கு உன் வரி சரி. அதன் அடுக்குகள் காய்ந்தவை; எத்தனை காலமானாலும் மினுங்கும். ஆமை வண்டின் அடுக்குகளுக்கு ஈரம் வேண்டும். உயிர் போனால் ஈரம் போகும், ஈரத்தோடு தங்கமும் போகும். ஆற்றோரம் என்னோடு நடந்திருந்தால் பார்த்திருப்பாய். நீ காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தாய்.

ஈரப் பஞ்சோடு மூடி வைத்தால் கொஞ்ச நேரம் அந்த நிறம் திரும்பும். விழாவுக்கு முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

அவற்றை முட்டையிலிருந்து வளர்த்தவள் நான். டப்பாவை மூடினால் உன் ஊசிக்குத்தான் போகும் என்று தெரியும். ஆனாலும் மூடினேன்.

நீ மேடையில் கத்தியதைத் தம்புசாமி அண்ணன் போனில் பதிவு செய்து அனுப்பினார். ஊர் முன்னால் நீ என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நேற்று அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு சோறு நன்றாக இறங்கியது.

இனி எழுத வேண்டாம்.

தாமரை