எழுபத்தோராவது கிலோமீட்டர்

ஐயம்பேட்டை
12.08.2024

அன்புள்ள எஸ்தருக்கு,

ஆஷிஃபா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி. நீ என் நம்பரை பிளாக் செய்து ஏழு மாதம் ஆகிறது. உன் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் நீ இல்லை என்றார்கள். உன் செருப்பு வாசலில்தான் கிடந்தது. தபாலை பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். ஜனவரி ஐந்தாம் தேதி மறுபடியும் ‘பாலாறு நூறு’ சைக்கிள் போட்டி நடக்கிறது. போன முறை மாதிரியே செவிலிமேட்டுப் பாலம் தாண்டி, வந்தவாசிக்கு அப்பால் போய்த் திரும்ப வேண்டும். நூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரம். இந்த முறை இரண்டாயிரம் பேராம். சேர்ந்து ஓட்டலாமா?

இப்போதும் விடியற்காலையில் ஓரிக்கை ரோட்டில் ஓட்டுகிறேன். முன்பெல்லாம் நம் இருவரையும் துரத்திய நாய்கள், நான் தனியாக வருவதைப் பார்த்து எழுந்திருப்பதுகூட இல்லை. ஒருத்தியைத் துரத்தி என்ன ஆகப்போகிறது என்று நினைக்கின்றன போலிருக்கிறது.

உன் மகள் ஷாரோனுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் ஆஷிஃபா


செவிலிமேடு
19.08.2024

ஆஷிஃபாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரம்மா அன்னம்மாள், “உள்ளூர்லயே இருந்துக்கினு லெட்டர் போட்டுக்கறீங்களே, இன்னாமா சண்டை?” என்று கேட்டார். அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்.

எட்டு மாதம் சேர்ந்து பயிற்சி செய்தோம். ஒன்றாகத்தான் முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று சொன்னது நீ. எழுபத்தோராவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நான் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். நீ தண்ணீர் கொடுத்தாய். காலை நீவிவிட்டாய். கடிகாரத்தைப் பார்த்தாய். போய்விட்டாய். ஓட்ட முடியாதவர்களை அள்ளிவரும் வேனில் என்னை ஏற்றி வந்து, காய்கறி மூட்டையை இறக்குவதுபோல மைதானத்தில் இறக்கினார்கள். அங்கே நீ கழுத்தில் மெடலோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாய். வீட்டில் இன்றுவரை நான் வாழைப்பழம் வாங்கவில்லை.

என் சைக்கிள் மாடியில் கிடக்கிறது. ஷாரோன் அதில் துணி காயப்போடுகிறாள்.

எஸ்தர்


ஐயம்பேட்டை
02.09.2024

அன்புள்ள எஸ்தருக்கு,

அன்று மூன்று முறை உன்னைக் கேட்டேன். மூன்று முறையும் நீ, “போடி, நான் மெதுவா வந்துக்கினு இருக்கேன், நீ போ” என்றாய். அப்படிச் சொன்னால் போகக்கூடாது என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். தெரிந்துதான் போனேன். தப்பு என்னுடையதுதான். அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஏன் போனேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். டைப்ரைட்டிங் பாதியில் போயிற்று. நீயும் நானும் ஒன்றாகச் சேர்ந்த நர்ஸ் உதவியாளர் பயிற்சியை நீ முடித்தாய், நான் ஆறாவது மாதம் கல்யாணமாகிப் போனேன். அடுத்தவர்களுக்குத் தைக்கும் ஜாக்கெட்டைத் தவிர என் கையில் எதுவும் முடிந்ததில்லை. புளியமரத்தடியில் கடிகாரத்தைப் பார்த்தபோது, இதுவும் அந்த வரிசையில் சேரப்போகிறது என்று தோன்றியது. பயந்துவிட்டேன். முதல் பத்து நிமிஷம் அழுதுகொண்டேதான் மிதித்தேன்.

அந்த வாழைப்பழத்தில் பாதியை உனக்கென்றுதான் வைத்திருந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். அப்புறம் அதையும் தின்றுவிட்டேன். பசி.

பதிவுக்கு இந்த மாதம்தான் கடைசி.

உன் ஆஷிஃபா


செவிலிமேடு
21.09.2024

ஆஷிஃபா,

‘போ’ என்றால் போய்விடுவதா? ஆனாலும் அந்தப் ‘பசி’யைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததில் கோபம் கொஞ்சம் சிந்திவிட்டது. மீதி இருக்கிறது.

நேற்று பெயரைப் பதிந்தேன். உடனே குதிக்காதே. உன்னோடு ஓட்டப்போவதில்லை. நீ எனக்காக நிற்கக்கூடாது, நான் உனக்காக நிற்கமாட்டேன். வாக்குக் கொடுப்பது, காத்திருப்பது, கண்ணைத் துடைப்பது எதுவும் வேண்டாம். நீ உன் நூறை ஓட்டு, நான் என் நூறை ஓட்டுகிறேன். வழியில் பார்த்தால் தலையாட்டலாம்.

மாடியிலிருந்து சைக்கிளை இறக்கினேன். டயர் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. துணி காயப்போட இடம் போயிற்று என்று ஷாரோனுக்கு வருத்தம்.

எஸ்தர்


ஐயம்பேட்டை
14.12.2024

அன்புள்ள எஸ்தருக்கு,

சொன்னபடியே ஓரிக்கை ரோட்டில் எதிரெதிரே பார்க்கும்போது தலையாட்டி வருகிறோம். மூன்று மாதத்தில் பதினாறு முறை. போன செவ்வாய்க்கிழமை நீ லேசாகச் சிரித்தாய் என்று நினைக்கிறேன். கொட்டாவியாகவும் இருக்கலாம்.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். உட்காரும் இடத்தில் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை. சுடிதாருக்கு உள்ளே போட்டுக்கொள். போன முறை அறுபதாவது கிலோமீட்டருக்கு மேல் நாம் பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. உன் அளவு என்னிடம் பழையதுதான் இருந்தது. தூரத்தில் பார்த்த அளவில் இரண்டு அங்குலம் கூட்டியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இதை ஒப்பந்த மீறல் என்று நினைத்தால் திருப்பி அனுப்பு.

உன் ஆஷிஃபா


ஐயம்பேட்டை
06.01.2025

அன்புள்ள எஸ்தருக்கு,

நேற்று போட்டி முடிந்து பஜ்ஜி தின்றபோது நாம் பேசியதெல்லாம் அந்தப் பஜ்ஜியைப் பற்றி மட்டும்தான். நீ வருவதற்கு முன்னால் மைதானத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும்.

நான் 11.52க்கு வந்து சேர்ந்தேன். மெடல் போட்டார்கள். தட்டு நிறையப் பொங்கல் வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தேன். காத்திருக்கவில்லை. பொங்கலைக் கொஞ்சம் மெதுவாகத் தின்றேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்கு நேரம் முடிந்தது என்று மைக்கில் சொன்னார்கள். வேனில் வந்தவர்கள் பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ இல்லை. டிரைவரைக் கேட்டேன். “நீலக் கலர் சுடிதார் போட்ட அம்மாவா? ரெண்டு வாட்டி கேட்டேன்மா. வரமாட்டேன்னுட்டாங்க. பாலத்துக்கு அந்தாண்ட வந்துக்கினு இருக்காங்க” என்றார்.

அதற்குள் முடிவுக் கோட்டின் மேல் நிற்கும், காற்றடைத்த அந்தப் பெரிய வளைவின் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். அது அப்படியே தொய்ந்து தரையில் படுத்தது. இரண்டு பேர் சுருட்ட ஆரம்பித்தார்கள். நான் போய் அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அமைப்பாளர் குமரகுரு ஓடிவந்தார். “எழுந்திருங்கம்மா, வாடகைப் பொருள், ரெண்டு மணிக்குத் திருப்பித் தரணும்.”

“ஒரு ஆள் வரணும் சார்.”

“டைம் முடிஞ்சிடுச்சும்மா. மெடல் தரமுடியாது.”

“மெடலை யார் கேட்டா? அவ வர்றப்ப கோடு இருக்கணும். கோடு எங்கன்னு தெரியாம தாண்டிப் போயிடப்போறா.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுருட்ட வந்த இருவரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மெத்தை மாதிரி சுகமாக இருந்தது.

1.14க்கு நீ வந்தாய். அந்த இருவரும் கைதட்டினார்கள். குமரகுருவும்தான். நான் தட்டவில்லை. ஒப்பந்தப்படி தலையை மட்டும் ஆட்டினேன்.

உன் ஆஷிஃபா


செவிலிமேடு
09.01.2025

அன்புள்ள ஆஷிஃபாவுக்கு,

பேனா நகர மறுக்காமல் ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டது. கவனித்துக்கொள்.

என் பக்கத்துக் கதையைக் கேள். எண்பதாவது கிலோமீட்டருக்கு மேல் எனக்குப் பின்னால் வேனைத் தவிர யாரும் இல்லை. போலீஸ்காரர்கள் போக்குவரத்தைத் திறந்துவிட்டார்கள். பஸ், ஷேர் ஆட்டோ, கரும்பு லாரி எல்லாவற்றுக்கும் நடுவில், மார்பில் நம்பரைக் குத்திக்கொண்டு நான் ஒருத்தி. ஒரு ஷேர் ஆட்டோவில் இருந்த அம்மா, “ரேஸு எப்பமா?” என்று கேட்டார். “இதான் ரேஸு” என்றேன். ஆட்டோவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து ஒரு கிலோமீட்டர் சுலபமாகப் போயிற்று.

பாலம் ஏறி இறங்கினால் என் வீட்டுத் தெரு. அதுதான் கொடுமை. முனையில் ஷாரோன் நின்றிருந்தாள். “போதும்மா. மணி ஒண்ணாயிடுச்சு. எல்லாம் முடிச்சிட்டுப் போயிட்டாங்க. வாம்மா, சாப்பிடலாம்” என்றாள். குழம்பு வாசனை தெருவரை வந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டேன். அது மறுபடி பெடலுக்கு ஏறியதற்குக் காரணம் வீரம் இல்லை. போன வருஷம் நடந்தது நினைவுக்கு வந்தது.

அதை உன்னிடம் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் பஜ்ஜியைப் பற்றியே பேசினேன்.

போன வருஷம் நீ போன கால் மணி நேரத்தில் என் கால் சரியாகிவிட்டது. எழுந்து நடந்தும் பார்த்தேன். நேரம் இருந்தது. வேன் வந்து நின்றது. டிரைவர், “ஓட்டுறீங்களா, ஏறுறீங்களாமா?” என்று கேட்டார். ஏறுகிறேன் என்று நான்தான் சொன்னேன். தனியாக ஓட்ட பயமாக இருந்தது, அவ்வளவுதான். நீ விட்டுப் போனதால் ஏறவில்லை, ஆஷிஃபா. ஆனால் நீ விட்டுப் போனாய் என்று ஒரு வருஷமாக எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் சொன்னேன், வேலை செய்யும் இடத்தில் சொன்னேன், கோவிலில் சபையாரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

அன்று நீ போனது சரிதான். மன்னித்துவிடு. நேற்று இரவு சாப்பிடும்போது ஷாரோனிடம் உண்மையைச் சொன்னேன். வரும் ஞாயிறு சபையாரிடமும் சொல்வேன். அதற்குத்தான் நூறு கிலோமீட்டரைவிட அதிகமாக மூச்சு வாங்கப்போகிறது.

கால்சட்டை சரியாக இருந்தது. அந்த இரண்டு அங்குலத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஓரிக்கை ரோட்டுக்கு வா. காத்திருப்பதில்லை என்ற விதி அப்படியே இருக்கட்டும், அது நமக்கு ஒத்துவருகிறது. வந்ததும் என்னைக் காணவில்லை என்றால் பின்னால் திரும்பிப் பார்த்து நேரத்தை வீணாக்காதே. முன்னால் பார், வேகமாக மிதி.

என்றும் உன்,
எஸ்தர்