அட்டையில் எழுதும் பெயர்

பெப்ரவரி 3
மாதவிலக்கு ஒன்பது நாள் பிந்திவிட்டது. வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டே விரல்விட்டு எண்ணினேன். ஒன்பதுதான். பிள்ளை தங்காமல் இருக்கக் குளிசை போட்டேனே, பிறகு எப்படி?

பெப்ரவரி 4
துசாந்தினியிடம் சொன்னேன். இரண்டு வருடமாக ஒரே அறை. லொட்ஜுக்கு ஆள் பார்க்கப் போவதும் ஒன்றாகத்தான். "ஆள் வாற நாளில மட்டும்தான் போடுறனான்" என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தலையிடிக்குப் போடுற பனடோலே அது? ஒவ்வொரு நாளும் போடோணும், செலீனா!"

எனக்கு யார் சொல்லித் தந்தது? ஒருத்தி பாதிப் பெட்டியை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். ஆணுறை வேண்டாம் என்று அடம்பிடித்தவர்களுக்கும் தலையாட்டினேன். குளிசை இருக்கிறதே என்ற துணிச்சல். மூளை கெட்டவள் நான்.

பெப்ரவரி 6
சோதித்துப் பார்த்தேன். ஒரு கோடு. ஒரே ஒரு கோடு — மாதாவே!

பெப்ரவரி 7
மகள் பேசாலையில் அக்கா வீட்டில் இருந்து படிக்கிறாள். இன்னொரு பிள்ளை வந்திருந்தால் அவள் படிப்பு அத்தோடு சரி. இனி அதிர்ஷ்டத்தை நம்பமாட்டேன். மூன்று மாத ஊசி போடப்போகிறேன்.

ஆனால் எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவுக்கு, கிறகரி என்னை விட்டுப் போனது தெரியும். புருஷன் இல்லாதவளுக்கு ஊசி எதற்கு என்று கேட்டால்?

துசாந்தினியிடம் வழி இருந்தது. "பாலம் கடந்து தூரத்துக் கிளினிக்குக்குப் போ. வாயில வந்த பேரைச் சொல்லு. நான் அப்பிடித்தான் போட்டனான்."

"அடுத்த ஊசி எப்ப?"

தெரியவில்லை. தேதி எழுதிக் கொடுத்த அட்டையைக் கிழித்துப் போட்டாளாம். என்ன பெயர் சொன்னாள் என்பதும் மறந்துவிட்டது! எனக்கு அந்த வழி வேண்டாம். என் பெயரில்தான் போவேன்.

பெப்ரவரி 13
எங்கள் பகுதிக் கிளினிக் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். கோழை.

பெப்ரவரி 20
போனேன்.

"அவர் திரும்பி வந்திட்டாரோ?" என்று குடும்பநல மாது மிஸ் கேட்டார்.

"இல்லை மிஸ். நான் செய்யிற வேலைக்குத்தான் கேக்கிறன்."

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். காதெல்லாம் சுட்டது. மிஸ் எழுந்து கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பிரஷர் பார்த்தார்.

"ஊசி பிள்ளையை மட்டும்தான் தடுக்கும். நோய் வருத்தம் தொத்தாமல் இருக்க உறை. ரெண்டும் வேணும், விளங்குதோ?"

"ஓம் மிஸ்."

அட்டையில் செலீனா என்று எழுதினார். அடுத்த ஊசி மே 15.

மார்ச் 2
உறை போடமாட்டேன் என்றான் ஒருத்தன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரவுக்குத் தேத்தண்ணீரும் பணிஸும்தான். பரவாயில்லை.

மே 15
இரண்டாவது ஊசி போட்டாயிற்று. துசாந்தினியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். மிஸ் புது அட்டை ஒன்றை எடுத்து, "உங்கட பேர்?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "உம்மு ஸல்மா" என்றாள்.

இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தெழும்பியிருக்கிறோம். தன் உண்மைப் பெயரை இன்றுதான் எனக்கும் சொன்னாள்.