நொண்டி சர்க்கார்

மார்கழி 9, செவ்வாய்.

பண்ணையார் எங்களைக் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றப் பார்க்கிறார். அதைத் தடுக்கச் சொல்லி நாளை மறுநாள் குடவாசல் தாலுக்கா ஆபீஸுக்கு ஊர்வலம் போகிறோம். விவசாயச் சங்கத்தில் பத்தாவது படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் தலைவர் மாரிமுத்து அண்ணன் கோஷங்களைச் சொல்ல, இன்று சாயங்காலம் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நொண்டிச் சாக்கு சொல்லாதே! நொண்டி சர்க்காரே, பதில் சொல்லு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுதவில்லை. போலியோவில் சூம்பிய என் கால் அவர்கள் கண்ணெதிரில்தான் நீண்டு கிடந்தது.

"என்ன தங்கச்சி, எழுதலையா?"

"அந்த வார்த்தைய நான் எழுத மாட்டேண்ணே."

"அட, உன்னையா சொன்னேன்?"

சிரித்தார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"பண்ணையார் வீட்ல யாரைத் திட்டினாலும் நம்ம சாதியச் சொல்லித்தான் திட்டுறாங்க. நாம அங்க நின்னா, 'உன்னைச் சொல்லலை'ங்கிறாங்க. அப்ப நீங்க சிரிச்சீங்களாண்ணே?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, வேற எழுதிக்க" என்றார். 'பொய்ச் சாக்கு, ஊமை சர்க்கார்' என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ஊமையாம்! காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது நானே எழுதி முடித்தேன். நொண்டியும் இல்லை, ஊமையும் இல்லை. பழக்கத்தில் யாராவது பழையதையே கத்துவார்கள். என்னை மாட்டுவண்டியில் பின்னால் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏற மாட்டேன். முன்வரிசையில் நடப்பேன். என் நடையைப் பார்த்துக்கொண்டே கத்தட்டும்.