கரும்பலகையில் நுரை

செவ்வாய்க்கிழமை, இரவு.



எங்கள் வகுப்பில் தினமும் ஒருவர் கரும்பலகையில் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதி விளக்க வேண்டும். இன்று என் முறை. 'ஃப்ராத்' என்று எழுதினேன். காபியின் மேல் நிற்கும் நுரை, உள்ளே ஒன்றுமில்லாத வெட்டிப் பேச்சு, வாயில் நுரை தள்ளுவது என்று மூன்று பொருள் சொன்னேன். மூன்றாவதைக் கண்ணைச் செருகி, கை காலை இழுத்து நடித்தும் காட்டினேன். வகுப்பே சிரித்தது. பின்வரிசைப் பிரியா, "சூப்பர்டீ, இன்னொருவாட்டி!" என்று கத்தினாள். என் பக்கத்தில் உட்காரும் தேன்மொழி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

மாலை குமணன்சாவடி பேருந்து நிறுத்தத்தில் தேன்மொழி என் காலடியில் விழுந்தாள். உடம்பு வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. நான் நடித்தது போல் அது இல்லவே இல்லை. பழக்கடைக்காரர், "கையில இரும்பு குடுக்கணும், நவுருங்கபா!" என்று சாவிக்கொத்தைத் திணித்தார். அவளை அழைத்துப்போக வந்த அவள் அம்மா கூட்டத்தை விலக்கினார். "சாவிலாம் வேணாம்ணா, காத்து வுடுங்க" என்று அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

சில நிமிடங்களில் கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது கண்ணு, சொல்லிடாத" என்றார் அவள் அம்மா. "எப்பவும் உன் பேச்சுதான் பேசுவா."

சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இனி வருவாளா? அடுத்தவர் எழுதும்வரை சொல்லை அழிக்கக்கூடாது என்பது வகுப்பு வழக்கம். பலகையில் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. நாளை காவலாளி கேட்டைத் திறக்கும்போதே உள்ளே போய் அழித்துவிட வேண்டும்.